மயில் சாரின் பேசும் இன்ட்ராநெட்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். உத்தரவாதம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. அதைப் படிக்காமல் நேராகச் சிரிப்புக்குத் தாவுகிறவர்கள் கதைக்கு வெளியே போய் நிற்கவும்.

ஒரு காட்டில், அதுவும் முறைப்படி அங்கீகாரம் பெற்ற காட்டில், ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதற்கு ஒரு நூலகம். நூலகத்துக்கு ஒரு நூலகர், முனைவர் தோகைநாதன் என்ற மயில். தகவல் மேசையில் செங்கமலம் என்ற மைனா. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த ஆய்வேட்டைக் கரையான் தின்றது, எந்தப் பேராசிரியர் எதைத் திருப்பித் தரவேயில்லை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஒருநாள் மயில் சுற்றறிக்கை விட்டார்:

"நமது நூலகத்தில் இன்ட்ராநெட் நிறுவப்பட்டுள்ளது. இது கட்டிடத்தை விட்டு வெளியே போகாத இன்டர்நெட். மைக்கில் கேட்டால் பதில் சொல்லும். ஊழியர்கள் தமக்குத் தெரிந்த அனைத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் இதில் ஏற்ற வேண்டும். இதற்கு அறிவு மேலாண்மை என்று பெயர். ஏற்றி முடிந்ததும் மைனா செங்கமலம் பாலைவனக் கிளைக்கு மாற்றப்படுவார்."

பாலைவனக் கிளையில் ஒரே ஒரு அலமாரி. ஒரே ஒரு வாசகர், ஒட்டகம். அவரும் ஒரு தடவை வந்து படித்தால் ஆறு மாதத்துக்குத் தாங்கும்.

சிரிப்பு இன்னும் வரவில்லை. பொறுங்கள். செங்கமலத்துக்கும்தான் வரவில்லை. அவளுக்குக் கூட்டில் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். மயிலிடம் போய் நின்றாள்.

"சார், குஞ்சுங்க பறக்கிற வரைக்குமாவது..."

"அதை இன்ட்ராநெட்டில 'குறைகள்' பக்கத்துல போடுங்கம்மா."

"போட்டேன் சார்."

"பதில் வந்துச்சா?"

"பதில் சொல்ல வேண்டியதே நீங்கதான் சார்."

"எனக்குப் பாஸ்வேர்டே தரலையே!" என்றார் மயில்.

வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் ஏற்றினார்கள். முயல் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் ஏற்றியது. கரடி நிலாப் படத்தோடு இரவு வணக்கம் ஏற்றியது. தவளை இரண்டுக்கும் கீழே 'அருமை, அருமை' என்று ஏற்றியது. தனக்குத் தெரிந்ததை மட்டும் யாரும் ஏற்றவில்லை. ஏற்றிவிட்டால் அப்புறம் தன்னை யார் தேடுவார்கள்? சுற்றறிக்கைக்குப் பயந்தவள் செங்கமலம் ஒருத்திதான். தெரிந்ததையெல்லாம் ஏற்றப் பார்த்தாள். 'இடம் இல்லை' என்றது இயந்திரம். உள்ளே முழுக்க ரோஜாப்பூ.

இன்ட்ராநெட்டுக்குப் பொறுப்பு பவுனு என்ற அணில். தரச்சான்றுக் குழு வர இன்னும் இரண்டே வாரம். சோதனைக்காக அவள் மைக்கில், "மூலிகைப் புத்தகம் எங்கே?" என்று கேட்டாள். திரையில் ரோஜாப்பூ வந்தது. மறுபடியும் கேட்டாள். நிலா வந்தது.

"அக்கா, நான் செத்தேன்!" என்று செங்கமலத்திடம் ஓடினாள்.

"ஏண்டி பவுனு, அந்த சர்வர் அலமாரிக்குள்ள எவ்வளவு எடம் இருக்கும்?"

"பாதி காலிக்கா. மெஷினு பாதிதான் வந்துச்சு."

"ஏ.சி. இருக்கா?"

"இருக்கே."

"அப்ப நகரு."

செங்கமலம் பாலைவனத்துக்குக் கிளம்பிவிட்டாள் என்று மயில் குறித்துக்கொண்டார். மறுநாள் மைக்கைப் பிடித்தார்.

"இன்ட்ராநெட்டே, நீர்நாய் வரலாறு எங்கே?"

"மூன்றாவது மாடி, ஏழாவது அலமாரி, கீழ்த்தட்டு," என்றது அலமாரி, ரயில் நிலைய அறிவிப்புக் குரலில். "இரண்டாம் பாகம் தங்கள் வீட்டில். நான்கு வருடமாக."

"அடேயப்பா, என்ன துல்லியம்!" மயிலுக்குத் தோகை தானாக விரிந்தது.

இரண்டாம் நாள் அலமாரி சொன்னது: "சூடாகிறது. கொய்யாப்பழம் வைக்கவும்."

மயில் பவுனுவைப் பார்த்தார்.

"புது மாடல் சார். பழத்துலதான் ஓடுது."

மயில் கோப்பில் எழுதினார்: 'பராமரிப்பு: கொய்யா, தினம் இரண்டு. காய் கூடாது.'

ஐந்தாம் நாள்: "மதியம் அரைநாள் விடுப்பு வேண்டும். வீட்டில் காய்ச்சல்."

"இதுக்கு எப்படிம்மா காய்ச்சல் வரும்?"

"வைரஸ் சார். எல்லா கம்ப்யூட்டருக்கும் வர்றதுதானே."

"பாவம்," என்று மயில் முழுநாளாகவே கொடுத்தார்.

குழு வந்தது. தலைவர் கழுகு. அவர் கண்ணுக்கு மூன்று மைல் தாண்டிக் கிடக்கும் எலி தெரியும், முன்னால் இருப்பது தெரியாது. மைக்கில் கேட்டார்:

"இங்கே கரையான் தின்ற ஆய்வேடுகள் எத்தனை?"

"நாற்பத்திரண்டு," என்றது அலமாரி, கழுகின் குரலிலேயே. "அதில் முப்பதைத் தின்றது நியாயம்தான்."

கழுகு எழுந்தே நின்றுவிட்டார். "ஐம்பது நூலகம் பார்த்தாச்சு. படிச்சுட்டு அபிப்பிராயமும் சொல்ற இன்ட்ராநெட்டை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். இதுக்குப் பதவி கொடுங்க! துணை நூலகர்! இங்கேருந்து யாரும் அசைக்கக் கூடாது!"

"ஆணையை நானே சொல்கிறேன்," என்றது அலமாரி பணிவாக. "எழுதிக்கொள்ளுங்கள். இந்த அலமாரிக்குள்ளிருந்து பதில் சொல்பவர் இன்று முதல் துணை நூலகர். பணி ஓய்வு வரை எங்கும் மாற்றப்பட மாட்டார்."

மயில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். கழுகு முத்திரை குத்தினார். குழு பறந்து போனது.

கிரீச் என்று அலமாரிக் கதவு திறந்தது. இறகை உதறிக்கொண்டு செங்கமலம் வெளியே வந்தாள்.

"வணக்கம் சார். துணை நூலகர் நாற்காலி ஜன்னலோரமாவே இருக்கட்டும்."

"அம்மா... நீங்க பாலைவனத்துல இல்ல?"

"இல்ல சார்."

மயில் ஆணையை மறுபடி படித்தார். 'அலமாரிக்குள்ளிருந்து பதில் சொல்பவர்' என்ற இடத்தில் விரல் நின்றது. கீழே அவருடைய கையெழுத்து. பக்கத்தில் இன்னும் காயாத முத்திரை. விரிந்திருந்த தோகை ஒவ்வொரு பீலியாக மடங்கியது.

"அப்படின்னா," என்றார் மயில் மெதுவாக, "இவ்வளவு நாளா இந்த மெஷினு..."

"வாயே திறக்கல சார்."

நீதி: அறிவாளியாக இருந்தால் மாற்றல் வரும், அலமாரியாக இருந்தால் பதவி உயர்வு வரும்.