இராயப்பர் நாற்காலியும் என் பித்தவெடிப்பும்

சேசு மரி சூசை துணை

ஜோகுபாளையம், பெங்களூர்
21-4-1998

மகா கனம் பொருந்திய மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட பாவி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சௌக்கியம், செசிலிக்கு மூட்டுவலி மட்டும் வழக்கம்போல. கோயமுத்தூரில் நீங்களும் அக்காளும் அதே புண்ணியத்தில் நன்றாயிருக்க, தினமும் ஜெபமாலையில் ஒரு மணியை உங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

நிற்க. இதோடு வரும் வீடியோ கேசட்டைத் தயவுசெய்து உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். தெருவையே கூட்டி வைத்துப் போட்டுக் காட்டுங்கள் என்று போன கடிதத்தில் எழுதியவன் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அது அப்போது. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு முதலில் இதைப் படியுங்கள். ஏனென்றால் அந்தக் கேசட்டில் நான் இல்லை.

உங்களுக்குத் தெரியாததா மச்சான்? உங்கள் ஊர்க் கோவிலில் குகை மாதிரி மாதா கெபி கட்டிக் கொடுத்ததற்கு உங்கள் பெயரைக் கிரானைட்டில் வெட்டி, எழுத்துக்குத் தங்கக் கலரும் அடித்திருக்கிறார்கள். நான் அங்கே வரும்போதெல்லாம் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே என்னை நிறுத்தி வைத்து, "உங்க கோவில்ல நீங்க என்ன மாப்பிள்ளை செய்யறீங்க?" என்று கேட்பீர்கள். நான் என்னத்தைச் சொல்வது? எங்கள் கோவிலுக்குக் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும், நான் போய் வால்வைத் திறந்து சம்ப்பை நிரப்பி, மோட்டார் போட்டு மாடி டேங்க்குக்கு ஏற்றிவிட்டு, அப்புறம் பொம்மசந்திராவுக்கு ஃபேக்டரி பஸ் பிடிப்பேன், அவ்வளவுதான். தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை போடுகிற ஒருத்தருக்காவது இந்தத் தண்ணீர் எப்படி இங்கே வந்தது என்று தோன்றியிருக்குமா? திருநாள் முடிந்து சாமியார் நன்றி சொல்லும்போது சீரியல் லைட் போட்டவர் பெயர் வரும், பிரியாணி கிண்டியவர் பெயர் வரும். நான் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் பெயர் வராது. வயிறு எரியும் மச்சான், பொய் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு இந்த வருஷம் பெரிய வியாழக்கிழமை சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுகிற சடங்கில் இடம் கிடைத்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி, ஒவ்வொன்றிலும் ஒரு சீடர் பெயர் எழுதிய அட்டை. முப்பது காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நாற்காலியில் உட்கார ஆள் கிடைக்காது. போன வருஷம் அதில் உட்கார்ந்த பெனடிக்டை அடுத்த கூட்டத்திலேயே பங்குப் பேரவைப் பொருளாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு விழுந்ததோ முதல் நாற்காலி. இராயப்பர்! சீடர்களுக்கெல்லாம் தலைவர்! ஆண்டவர் குனிந்து தன் காலைக் கழுவ வந்ததும் அவர் பதறிப்போய்த் தடுத்தாரே, அந்தப் பதற்றத்தைக் கண்ணாடி முன்னால் நின்று நாலு நாள் பழகினேன். உங்கள் தங்கை தாளித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "இன்னாங்க இது, எங்கம்மா வீட்ல ரெண்டாவது தடவ இட்லி வெக்கிறப்போ வேணாம் வேணாம்பீங்களே, அதே மூஞ்சி" என்றாள்.

மூஞ்சி போகட்டும், காலை என்ன செய்வது? சேஃப்டி ஷூ போட்டுப் போட்டு என் குதிகாலில் பித்தவெடிப்பு. சாமியார் கையைக் கிழித்துவிட்டால்? புதன்கிழமை சாயங்காலமே வெந்நீரில் ஊறவைத்து, கல்லால் தேய்த்து, வேஸ்லினை அப்பி, இரண்டு காலிலும் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுப் படுத்தேன். திரும்பிப் படுத்தால் சரக் சரக். "பெருச்சாளி கூடப் படுத்த மாதிரி இருக்குது" என்று உங்கள் தங்கை ஹாலுக்குப் போய்விட்டாள். விடிகிற நேரம் வால்வு ஞாபகம் வந்து எழுந்தேன். இரண்டாவது அடியிலேயே வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே சமையலறை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். பையைக் கழற்றினால் வேஸ்லினில் மண் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள்தானே, டேங்க்கில் பழைய தண்ணீர் இருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டேன். இந்த இடத்தை அக்காளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

சாயங்காலம் பூசை. சாமியார் தாழ்ச்சியைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்கிறார், நான் முதல் நாற்காலியில் வீடியோக்காரருக்கு வசதியாகக் காலைக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்த நேரம் பார்த்து, சாமியாருக்கு ஒத்தாசையாக நிற்கிற உபதேசியார் குனிந்து என் காதில், "சவரி, குழாயில வெறும் காத்துதான் வருது. பீடம் கழுவுனதுலயே தண்ணி தீந்துபோச்சு. நீதானே டேங்க்க ரொப்புறவன், இன்னாப்பா ஆச்சு?" என்றார். மச்சான், டேங்க்கை நிரப்புகிறவன் நான்தான் என்று அந்த மனிதருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்!

எழுந்து ஓடினேன். தெருமுனையில் ஜெயராமன் என்கிறவர் தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். லாரி சந்துக்குள் நுழையவில்லை, வழியெல்லாம் நம்மவர்களின் ஸ்கூட்டர். பைப்பைப் பிடித்துக் குடத்தில் நிரப்பினால் பாதி என் மேல், மீதி மண்ணில். புது வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. உள்ளே சாமியார் பாவம், தாழ்ச்சியை முடித்து, பொறுமைக்குப் போய், சகிப்புத்தன்மையையும் தொட்டுவிட்டார். ஜெயராமன் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால் இறக்கி வைத்து, மூச்சு வாங்க நின்றிருக்கிறார். முதல் நாற்காலி காலி, நான் லாரியடியில். சாமியார் அவரைப் பார்த்து, "உக்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். டீ வரப்போகிறது என்று நினைத்து அந்த மனிதரும் உட்கார்ந்துவிட்டார்!

இரண்டாவது குடத்தோடு நான் நுழைந்தால், இராயப்பர் நாற்காலியில் காக்கி டிராயர்! திகைத்து நிற்கிறேன், உபதேசியார் என் கையில் செம்பைத் திணித்துவிட்டார். மற்ற பதினொரு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் அடித்துக்கொண்டு வந்த கால்கள். அழுக்கு என்று இருந்தது ஜெயராமன் காலில் மட்டும்தான், டீசலும் சேறுமாக. சாமியார் அவர் முன்னால் முழங்கால் போட்டுக் காலைத் தொட்டாரோ இல்லையோ, அவர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக் குத்துக்காலிட்டுக்கொண்டு, "ஐயையோ வேணாம் சாமி! பேடா, பேடா! நீங்க போயி எங்காலத் தொடறதா? எந்திரிங்க சாமி, நாறும்!" என்று கத்தினார். கோவிலே சிரித்தது. அப்புறம் அப்படியே அடங்கிப்போயிற்று. மாரியம்மனுக்குக் கரகம் எடுக்கிற மனிதர் மச்சான் அவர், இராயப்பர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். நான் கண்ணாடி முன்னால் நாலு நாள் நின்றும் வராதது அவருக்குத் தன்னால் வந்தது. "ஒரு நிமிஷம் தம்பி, எனக்காக" என்று சாமியார் கெஞ்சிக் காலை இறக்கினார். நான் தண்ணீர் ஊற்றினேன். சேறு கரைந்து ஓடுகிறது, ஜெயராமன் அழுகிறார், நானும் அழுதுவிட்டேன். சேற்றில் நின்ற என் வேஸ்லின் கால் எனக்கு ஞாபகமே இல்லை.

பூசை முடிந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "சாமி எதுக்குண்ணா எங்காலக் கழுவுனாரு?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "தண்ணி கொண்டாந்தீங்கல்ல, அதுக்குத்தான்" என்றேன். சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.

ஆகையால் மச்சான், கேசட்டில் முதல் நாற்காலியில் இருப்பவர் ஜெயராமன். ஓரத்தில் ஒரு கை செம்போடு வரும், கல்யாணத்தில் நீங்கள் போட்ட வாட்ச் அதில் இருக்கும். அது யார் கை என்று ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். பெயரும் புகழும் வேண்டாம், எனக்கு வால்வு போதும். கையெழுத்துக்கூடப் போடப் போவதில்லை. அக்காளுக்கும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சம்மனசுகள் காவலிருக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் எதற்கு?

பி.கு.: யோசித்துப் பார்த்ததில், தெருவைக் கூட்டியே போடலாம் என்று படுகிறது. கை வருகிற இடத்தில் டி.வி. சத்தத்தை முழுசாக வைக்கவும். சாமியார் காலர் மைக்கில், "சவரி, மெதுவா ஊத்து" என்று சொல்கிறார்! கோவில் முழுக்கக் கேட்டிருக்கிறது, பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்கவில்லை. இங்கே வந்த கேசட்டில் அந்த இடம் தேய்ந்தே போய்விட்டது, அதனால்தான் உங்களுக்குப் புதுக் காப்பி. அடுத்த வருஷத்து முதல் நாற்காலிக்கும் உபதேசியாரிடம் இப்போதே கர்சீப் போட்டு வைத்திருக்கிறேன். எந்தச் சவரி என்று தெருக்காரர்கள் கேட்டால் மொட்டையாகச் சொல்லாமல், இனிஷியல், டெசிக்னேஷன் எல்லாம் சேர்த்து, கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறபடியே வாசிக்கவும்:

தா.

அண்ணா, செசிலி எழுதறேன். இன்னிக்குத் தண்ணி வர்ற நாளு. குழாயில சத்தம் கேட்டுச்சு, பேனாவக்கூட மூடாம எந்திரிச்சு ஓடிட்டாரு. இதுக்கு மேல எழுத எங்க வரப்போறாரு, அங்கேருந்து அப்படியே பஸ்ஸுக்குப் போயிருவாரு. நானே ஒட்டித் தபால்ல போட்டுடறேன். கால்ல செருப்புகூட மாட்டாமப் போயிருக்காருண்ணா.