ஹெர்ட்ஸ் அண்ணன் பார்த்துக் கொடுத்த மானிட்டர்

கோயமுத்தூர் கம்ப்யூட்டர் கடைகளில், ஹெர்ட்ஸ் அண்ணன் படியேறி வருவதைப் பார்த்ததும் "சாப்பாட்டு நேரம்" என்று நழுவாத சேல்ஸ்மேன் ஒருவன்கூடக் கிடையாது. காலை பத்தரை மணிக்கே சாப்பாட்டு நேரம்.

எல்லை தாண்டி எங்கள் ஊர் வடகரப்பதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்தைந்து, கல்யாணம் ஆகவில்லை. பகலெல்லாம் ரேஷன் கார்டும் ஆதாரும் நகலெடுப்பார். சாயங்காலமானால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை. கலர் மெஷின் வாங்கச் சொன்னால் மட்டும் கோபம் வரும். "கருப்பு வெள்ளையில இல்லாத என்ன விசயமுங்க கலர்ல இருக்குது?" ஒரு திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தை மாற்றிப் போடுகிறது என்கிற ஹெர்ட்ஸ் விவரத்தைத் தேங்காய் பறிக்க வந்தவரிடம்கூட நிறுத்தி வைத்து விளக்குவார். அப்படி வந்த பெயர். அவருடைய அம்மா வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அரிசி ஆலை ஆபீசில் வேலை பார்க்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும் அண்ணனும் ஆன்லைனில் ஒரே அணி. எங்கள் வீட்டுப் பழைய மானிட்டரில் எதிரி ஓடினால் அவன் பின்னால் ஒரு நிழல் வால்போல இழுபடும். புதிது வாங்கலாம் என்று சொன்ன மறுநாளே அண்ணன் டேப்போடு வந்து, என் மூக்கிலிருந்து சுவர்வரை அளந்தார்.

"இருவத்தேழு இஞ்சு வேண்டாமுங்க அம்மிணி. இந்த மேசைக்குப் பெருசு. கழுத்தைத் திருப்பித் திருப்பியே தோத்துப் போவீங்க. இருவத்திநாலு போதும்."

ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினோம். கடையில் மற்றவர்கள் ஓடிவிட, புதிதாகச் சேர்ந்த சேல்ஸ்மேன் மாட்டிக்கொண்டான்.

"ஒரு மில்லி செகண்டுங்க சார் இது" என்றான்.

"எதுக்கு ஒரு மில்லி செகண்டு? ஒரு சாம்பல் கலர்ல இருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறவா, கருப்புல இருந்து வெள்ளைக்கா?"

அவன் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்ணன் குடையை விரித்துத் திரைமேல் கவிழ்த்து, உள்ளே தலையை விட்டு, மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். பிறகு என்னையும் குடைக்குள் இழுத்தார்.

"இந்தச் சிவப்பு எப்படி இருக்குதுங்க?"

"சிவப்பாத்தான் இருக்குது."

"அது இருக்கட்டும். தக்காளிச் சிவப்பா, வரமொளகாச் சிவப்பா? பச்சை? நெல்லு நாத்தா, தென்னை ஓலையா?"

என் கண்ணைத்தான் சோதிக்கிறார் என்று நினைத்தேன். ஏழு மானிட்டருக்கும் அவர் கேட்க, நான் காய்கறிச் சந்தையையே ஒப்பித்தேன். கடைசியில் நூற்று நாற்பத்துநாலு ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை எடுத்தோம். அதற்கு மேலே எங்கள் கம்ப்யூட்டரால் ஓட்ட முடியாது, வீண் என்றார். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்தச் சேல்ஸ்மேன் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினான். திரும்பி வந்துவிடுவோமோ என்கிற பயமாக இருக்கலாம்.

மானிட்டர் அருமை, எதிரியின் வால் அறுந்தது. ஆனால் அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. விளையாட்டில் எங்கள் ஆட்களின் தலைக்கு மேல் பச்சைக் குறி, எதிரிகளுக்குச் சிவப்புக் குறி. அண்ணன் பாரபட்சமே இல்லாமல் எல்லோரையும் சுடுவார். "எதிரி வரவே வேண்டாம், அண்ணன் போதும்" என்று சிரித்துக்கொள்வோம்.

ஓணத்துக்குப் பெருமாட்டியில் ஒரு கிளப் போட்டி வைத்தபோது சிரிப்பு நின்றது. முதல் சுற்றிலேயே அண்ணன் எங்கள் இருவரையும் சாய்த்தார். பந்தல் முழுக்கக் கைதட்டிச் சிரித்தது. என் வீட்டுக்காரருக்கு ஆத்திரம். "கண்ணு தெரியலைன்னா எதுக்குங்ணா வெளையாட வர்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அண்ணன் ஹெட்செட்டைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் எங்களோடு விளையாடவே வரவில்லை.

ஆபீஸ் காகிதங்களை நகலெடுக்க, சிவப்பும் பச்சையுமாக இரண்டு ஃபைல்களோடு அவர் கடைக்குப் போனேன். "சிவப்பு ஃபைல்ல வெச்சிருங்ணா" என்றேன். இரண்டு ஃபைலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பச்சையில் வைத்தார்.

அந்தப் பச்சை ஃபைலைத் தூக்கிக் காட்டினேன். "அண்ணா, இது என்ன கலருங்?"

மெஷின் ஓடி முடிந்ததும் சொன்னார்: "சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க அம்மிணி. சிவப்பு, பச்சை ரெண்டும் எனக்கு ஒரே மண்ணு கலர். மானிட்டர் வாங்கப் போனா யாராச்சும் பக்கத்துல நின்னு கலரைச் சொல்லுவாங்க. கேக்க நல்லா இருக்கும். சொன்னா சிரிப்பாங்கன்னு யாருகிட்டயும் சொல்லலை."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிப் போய் அவரை அழைத்து வந்தார். வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் நான் விளையாட்டின் அமைப்புகளைத் துழாவி, எதிரிகளுக்கு மஞ்சளும் எங்களுக்கு நீலமும் வைத்திருந்தேன்.

அண்ணனை அந்தப் புது மானிட்டர் முன்னால் உட்கார வைத்தோம். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு லேப்டாப்பில் சேர, ஆட்டம் தொடங்கியது. அவர் சுடவே இல்லை. திரையில் இரண்டு நீலக் குறிகளை வெகுநேரம் பார்த்தபடி இருந்தார்.

"ஏனுங் மாப்ள," என்றார் என் வீட்டுக்காரரிடம். "இத்தனை நாளும் ரெண்டு பேரும் என்ற பக்கத்துலயேதான் நின்னுட்டு இருந்தீங்களா?"