வியர்வையைப் பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவு

கோலாலம்பூரில் வியர்க்காத மனிதர் இல்லை. வியர்க்காதது போல் பாவனை செய்பவர்கள்தான் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு ஒரு காலத்தில் நானே தலைவன்.

அப்போது எனக்கு ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை. (காயத்துக்கு மருந்து கட்டுகிறவன்தான், நடையைப் பார்த்தால் பெரிய டாக்டர் என்பீர்கள்.) நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எங்கள் யாழ்ப்பாணத்தார் சங்கத்துக்குத் தலைவர், ரயில்வே பெரிய கிளார்க் சிவக்கொழுந்தர். அவருடைய மகள் நாகம்மாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பொடியனைச் சங்கத்தில ஒருநாள் பேச விடுங்கோ, பாப்பம்" என்றாராம் மனுஷன். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, வியர்வை. பேசிய இடம் தகரக் கூரை மண்டபம், நேரம் உச்சி வெயில்.

எல்லோரும் வெள்ளைக் கோட்டில் வந்திருக்க, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் ஏலத்தில் விட்டுப்போன கறுப்புக் கம்பளிக் கோட்டோடு நான் மேடை ஏறினேன்.

"தோலுக்கு அடியில் நூல்சுருள் மாதிரி எண்ணற்ற சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பு சூடானால் மூளை நரம்பு வழியாகச் சேதி அனுப்பும். உடனே அவை உப்புத் தண்ணீரைத் தோலுக்கு மேலே தள்ளும். அது ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகும்" என்று முழங்கினேன்.

நான் சொல்லச் சொல்ல என் சுரப்பிகள் செய்து காட்டின. மூக்கு நுனியில் சொட்டு, கண்ணுக்குள் எரிச்சல். "காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாது, வீணாகச் சொட்டும். ஆகவே கம்பளியால் உடம்பை மூடக்கூடாது" என்று என் வாயே சொல்லித் தொலைத்தது.

"அப்ப நீர் கோட்டைக் கழட்டுமன் தம்பி" என்றார் முன்வரிசையிலிருந்த சிவக்கொழுந்தர்.

"பரவாயில்லை ஐயா, எனக்கு வேர்க்கேல்லை!"

மண்டபமே சிரித்தது. நான் எப்படிக் கழற்றுவேன்? உள்ளே இருந்தது சட்டையே அல்ல. கழுத்துப்பட்டியோடு நெஞ்சை மட்டும் மறைக்கும் கஞ்சி போட்ட துணி ஒன்று, மணிக்கட்டுக்குத் தனியாக இரண்டு கஃப். வெளியே பார்த்தால் முழுச் சட்டை; உள்ளே ஓட்டைப் பனியன். இது தெரிந்தால் கலியாணம் அன்றோடு சரி.

கொஞ்ச நேரத்தில் மேசை இரண்டாகத் தெரிந்தது. மயங்கி விழுந்துவிட்டேன்.

என் பேச்சைச் சனங்கள் அவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. "காத்துப் படவேணும், கம்பளியைக் கழட்டுங்கோ!" என்று கோட்டை உரித்து, தண்ணீர் தெளித்து, விசிறியும் விட்டார்கள். கண் விழித்தபோது நெஞ்சில் துணி, கையில் கஃப், மிச்சமெல்லாம் ஓட்டையும் நானும். பெண்கள் பக்கத்தில் நாகம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. (திரும்பவும் வேர்த்தது; இம்முறை வெயில் காரணமல்ல.)

சம்பந்தம் முறிந்தது என்று நான் தலையில் துணி போட்டுக்கொண்டிருந்தபோது தரகர் வந்தார். "பெட்டைக்குச் சம்மதமாம்" என்றார். என்னால் நம்ப முடியவில்லை.

ஏன் சம்மதித்தாள் என்று நான் கேட்டதில்லை. அவளோ, வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்காமலே சொல்வாள்:

"மற்றப் பெட்டையளுக்கு, உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தாலி ஏறின பிறகுதான் தெரியும். இவர் எனக்கு முதலே காட்டிப்போட்டார், அதுவும் சங்கத்தைச் சாட்சி வைச்சு."