எர்த் பார்க்கும் ராஜமாணிக்கம்

நம்மிடையே ஓர் இனம் உண்டு ஐயா. கச்சேரிக்கு முதல் ஆளாக வந்து உட்காரும், ஆனால் பாட்டைக் கேட்காது. பாட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வருமே, அதைத்தான் கேட்கும். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் கண்ணை இடுக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல உட்கார்ந்திருக்கிறாரா? அவரேதான். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள். “சார், ஒரு சத்தம் வருதே, கேக்குதா?” என்பார். இல்லை என்றால் விடமாட்டார். ஆமாம் என்றீர்களோ, கடைசிப் பந்திகூட உங்களுக்குக் கிடைக்காது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இந்த இனத்தின் தலைவர் ராஜமாணிக்கம். உத்தியோகம் தாலுகா ஆபீசில், உயிர் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த்தில். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே காரணம்தான்: “எர்த் சரியில்ல.” டிவியில் புள்ளி புள்ளியாக வந்தால் எர்த். மிக்ஸி சூடானால் எர்த். எதிர்வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு காடாம்புலியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவர் மனைவி மங்கம்மா வந்து சொன்னபோதுகூட, மனுஷன் ஆழமாக யோசித்துவிட்டு, “அவுங்க வூட்ல எர்த்தே கெடையாதே” என்றார். காலையில் மங்கம்மா துளசிக்குத் தண்ணீர் ஊற்றினால், இவர் கொல்லையில் தோண்டிவைத்த எர்த் குழிக்கு ஒரு குடம் ஊற்றுவார். இரண்டில் எது பக்தி என்று மங்கம்மாவுக்கே சந்தேகம் உண்டு.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு பெண் கித்தார் கற்றுக்கொள்ளலாமா? மகள் மோனிகா கற்றுக்கொண்டாள். சும்மா இல்லை, நன்றாகவே கற்றுக்கொண்டாள். ஊரில் நாலு பேர் சொன்னார்கள், அப்பா மட்டும் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் கேட்டதில்லை. அவள் ஒரு பாட்டை ஆரம்பிப்பாள். “இரு இரு, கைய எடு” என்பார். எடுப்பாள். “இப்ப வை.” வைப்பாள். “பாத்தியா, கம்பியத் தொட்டா கொறையுது, விட்டா ஜாஸ்தியாவுது! எர்த்துதாம்மா!” அவ்வளவுதான், கித்தாரைச் சொருகும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி கூடத்தில் குப்புறக் கிடக்கும். “இது மரப்பொட்டி. வெளி இரைச்சல் எல்லாம் சுளுவா உள்ள பூந்துடும். உள்பக்கம் தகடு ஒட்டி, அதக் கொண்டுபோய் எர்த்துல சேத்தாத்தான் அடங்கும்” என்று மங்கம்மாவுக்கு வகுப்பு நடக்கும். உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, பல்லு வைத்த ஸ்டார் வாஷர் போட்டு, போல்ட்டை முறுக்கி, தாமிர டேப்பால் மூலை முடுக்கெல்லாம் ஒட்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் நிமிரும்போது மோனிகா தூங்கியிருப்பாள். அப்பா முன்னால் ஒரு பாட்டையாவது முழுசாக வாசித்துவிட வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் நெடுநாள் ஆசை. பாவம்.

2010 ஆவணியில் அதற்கு ஒரு வழி பிறந்தது. மேல்பட்டாம்பாக்கம் இளவரசு மெல்லிசைக் குழு நடத்துகிறவர். அவருடைய கித்தார்க்காரர் துபாய் போய்விட்டார். “சிதம்பரத்துல ஒரு ரிசப்ஷன் இருக்கும்மா. வந்து வாசி. நல்லா வந்துச்சுன்னா இனிமே நீதான்” என்று மோனிகாவிடம் சொல்லிவிட்டார். அவள் நேரே அப்பாவிடம் வந்தாள்.

“அப்பா, நீ கண்டிப்பா வரணும். ஆனா பொட்டியத் தொறக்கக் கூடாது.”

“தொறக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“உன்மேல சத்தியம்மா. மொத வரிசைல கைய கட்டிக்கிட்டு உக்காந்துருப்பேன், போதுமா?”

உட்கார்ந்தார் ஐயா, உண்மையிலேயே உட்கார்ந்தார். கையையும் கட்டிக்கொண்டார். சட்டைப் பையில் டெஸ்டர் மட்டும், அதுவும் பேனா மாதிரி இருக்கட்டுமே என்று. மங்கம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறினார்கள், பக்கத்து மேடையில் இளவரசு மைக்கைத் தட்டினார், மோனிகா ஆம்ப்ளிஃபையரைப் போட்டாள்.

‘ம்ம்ம்ம்’ என்றது.

ராஜமாணிக்கம் பல்லைக் கடித்தார். மகள்மேல் சத்தியம் செய்திருக்கிறதே! முதல் பாட்டு முழுக்கத் தாங்கினார். இரண்டாவது பாட்டில் கால் தானாக ஆடியது. நம்முடைய பெட்டியாச்சே, எல்லாத் தகடும் ஒட்டியாச்சே, எப்படி வரும்? கழுத்தை நீட்டி, மேடை ஓரத்தைப் பார்த்தார். அடப்பாவி! எவனோ பெட்டியின் பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டு, இரண்டே ஒயரை ஓட்டையில் விட்டு, தீக்குச்சியைச் சொருகி வைத்திருக்கிறான். எர்த் ஒயர் அநாதையாகத் தொங்குகிறது. இதைப் பார்த்த பிறகும் உட்கார்ந்திருப்பவன் தகப்பனா?

“என்னாங்க, எங்க போறீங்க? அடுத்த பாட்டுல அவ தனியா வாசிக்கிறா!”

“தோ வந்துட்டேன், மங்கம்மா.”

மேடைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அடிபம்பு. எத்தனையோ அடி ஆழத்துக்கு இறங்கும் இரும்புக் குழாய்! அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சுருட்டிவைத்திருந்த செப்புக் கம்பியை எடுத்தார். (கையோடு கொண்டுவரவில்லை என்று நினைத்தீர்களா? இடுப்பில் இருந்தது.) பம்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பொன்னி பதறி எழுந்தாள்.

“யோவ் சார், பம்புல எதுக்குக் கம்பி கட்டுற?”

“எர்த்தும்மா.”

“கரண்டா?”

“கரண்ட் இல்ல, எர்த்து.”

“என்னா எழவோ, நான் இனிமே இதத் தொட மாட்டேன். சமையக்காரரே, தண்ணி வேணும்னா நீங்களே வந்து அடிச்சுக்குங்க!”

ராஜமாணிக்கம் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கம்பியின் மறுநுனியை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, தானும் மேடையின் பின்பக்கமாக ஏறி, மண்டியிட்டுத் தவழ்ந்து, திரைக்கு அடியில் புகுந்து, ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார். பெட்டியைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். அந்த வகைப் பெட்டிக்குப் பின்பக்கம் பாதி திறந்தேதான் இருக்கும். அதற்கு அவர் என்ன செய்வார்? தலையை உள்ளே விட்டார். தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தினார், கம்பியைச் சுற்றினார், ஸ்டார் வாஷரை வைத்து ஒரு முறுக்கு முறுக்கினார்.

நின்றது.

சந்தேகமாக இருந்தது. காதை ஸ்பீக்கரிடம் கொண்டுபோனார். ஒரு சாண் இருக்கும். சுத்தம்! ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தேடினார். அங்கேயும் இல்லை. மேலே தேடினார், கீழே தேடினார். இல்லவே இல்லை. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த நிமிஷத்தில் ராஜமாணிக்கத்தைவிடச் சந்தோஷமான மனிதர் சிதம்பரத்திலேயே கிடையாது.

வெளியே கைதட்டல் மண்டபத்தையே தூக்கிக்கொண்டு போனது. மங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இளவரசு மைக்கிலேயே சொல்லிவிட்டார்: “இனிமே நம்ம குழுவுக்கு மோனிகாதாங்க கித்தார்!” மோனிகாவின் கண் முதல் வரிசைக்குப் போனது. அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலி. திரும்பினாள். பெட்டிக்குப் பின்னாலிருந்து, தலைமுடியில் ஒட்டடையோடு, ஒரு முகம் பூரித்துக்கொண்டு எழுந்தது.

“அப்பா! இங்கயா இருந்த? கேட்டியா? எப்படி இருந்துச்சு?”

“ஹம்மிங் சுத்தமா நின்னுபோச்சும்மா! ஒரு துளி இல்ல! காத வச்சே பாத்துட்டேன்!”

“அதக் கேக்கலப்பா. நான் வாசிச்சது.”

ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். ‘பிரமாதம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவருக்குப் பொய் வராது.

“என்னா பாட்டும்மா அது?” என்றார்.

மோனிகா சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. கித்தாரை உறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஊரே எழுந்து நின்று கைதட்டிய வாசிப்பு, எல்லாரையும்விடக் கிட்டத்தில், தன் மூஞ்சியிலேயே வந்து மோதிய வாசிப்பு, தனக்கு மட்டும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ராஜமாணிக்கத்துக்கு உறைத்தது. “இன்னொரு தடவ வாசிம்மா, சும்மா எனக்காக” என்று கேட்டார். அதற்குள் மேடையில் ஒயரையெல்லாம் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அது கிடக்கட்டும், உங்கள் தலைக்கு மேலே மின்விசிறி ஓடுகிறதே, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை லேசாக ‘டக்’ என்று ஒரு சத்தம் வரவில்லை? நன்றாகக் கவனியுங்கள். வருகிறதா? வருகிறது, இல்லையா?

அதை நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளேயிருந்து உங்களை யாரோ இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.