மாப்பிள்ளைக்கு வாங்கிய கேன்வாஸ் ஷூ

"இன்னா ஜெகநாதண்ணே, கார்த்தால கார்த்தால எங்க கெளம்பிட்டே?"

டீக்கடை பலராமன் இப்படிக் கேட்டதும் ஜெகநாதன் நின்றுவிட்டார்.

ஆரணியில் யார் எதிரில் வந்தாலும் கேட்கிற கேள்விதான். எங்கேயாவது போகிறவன் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஜெகநாதன் எங்கேயும் போகவில்லையே! சேவூர் ரோட்டில் மதகு வரைக்கும் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல், அப்படியே திரும்பி வருகிற மனுஷன். அதை வெளியில் சொன்னால் மகள் பூங்காவனத்தின் கல்யாணம் கெட்டது.

காலில் வந்த புண் ஆறவில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அவருடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நல்ல செங்கல் நிறத்தில் வந்து நின்றது. பட்டு நெய்கிற ஆள் அல்லவா, இந்த நிறத்தில் ஒரு சேலை போட்டால் எடுப்பாக இருக்கும் என்றுதான் ஜெகநாதனுக்கு முதலில் தோன்றியது.

"சக்கரைங்க. மாத்திரை தரேன். ஆனா தெனம் நடக்கணும்" என்றார் டாக்டர்.

"நாளெல்லாம் தறியில கால் மிதிச்சிகினுதானே சார் இருக்கேன்?"

"தறிக் குழிக்குள்ள உக்காந்து எவ்ளோ மிதிச்சாலும் அதே எடத்துலதான இருக்கீங்க? எழுந்து நடங்க."

வீட்டில் சொன்னதும் மனைவி அபிதகுசாம்பாள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேசினாள். "பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா. அப்பனுக்குச் சக்கரைன்னு தெரிஞ்சா எவன் வருவான்? பாட்டனுக்கு இழுப்புன்னு கேள்விப்பட்டே போளூர்க்காரங்க பின்வாங்கிட்டாங்க. வாயத் தொறக்காதீங்க."

அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் மாத்திரை வாங்கப் பூங்காவனம்தான் போனாள். யாராவது கேட்டால் தனக்கு வயிற்று வலி என்று சொல்லிக்கொள்வாள். போன மாதக் கடைசியில் அவளே வந்து, "நடக்கறீங்களான்னு டாக்டர் கேக்கறாரு நைனா. சேவூர் ரோட்ல நட. அந்தப் பக்கம் நம்மளத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?" என்றாள். புத்திசாலிப் பெண் என்று ஜெகநாதன் உச்சி குளிர்ந்து போனார்.

அரசாங்கம் சும்மா இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும். அந்த வாரம் பார்த்து உடல்நல மாதம் என்று ஒன்று வந்து தொலைத்தது. சுகாதார இலாகா ஜீப் ஒன்று ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றியது. சுவரெல்லாம் போஸ்டர். தொப்பை வைத்த ஓர் ஆள் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக் கைவீசி நடக்கிறான். கீழே கொட்டை எழுத்தில், "சர்க்கரை நோயா? நட!"

நல்லது செய்யத்தான் வந்தார்கள், பாவம். ஆனால் அதுவரைக்கும் ஊரில் நடக்கிறவன் வெறுமனே நடக்கிறவனாக இருந்தான். போஸ்டர் ஒட்டிய மறுநாளிலிருந்து நடக்கிறவன் எல்லாம் சர்க்கரைக்காரன் ஆகிவிட்டான். வருஷக்கணக்காகக் காலையில் உலாத்திய ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரை, "உங்களுக்கு எவ்ளோ சார் இருக்குது?" என்று வழியெல்லாம் விசாரித்தார்கள். மனுஷன் அதோடு வெளியில் வருவதையே நிறுத்திவிட்டார். நடக்கச் சொல்ல வந்த இயக்கம், நடந்துகொண்டிருந்த ஒருவரையும் உட்கார வைத்ததுதான் மிச்சம்.

பலராமனின் கடைச் சுவரிலும் அந்தப் போஸ்டர் இருந்தது. ஜெகநாதன் அதைப் பார்த்தார். பலராமனைப் பார்த்தார். வாயில் வந்ததைச் சொன்னார்.

"பொண்ணுக்கு ஒரு எடம் பாக்கறேன். சேவூர் வரைக்கும்."

"நல்ல காரியம். ஜல்தியா போ" என்று பலராமன் வழிவிட்டான்.

மறுநாளும் கேட்டான். "இன்னாச்சு?"

"பேசிகினு இருக்கோம்."

அதற்கு மறுநாளும் கேட்டான். எத்தனை நாள்தான் பேசுவது? பத்து நாளில் தெருக்குழாயடியில் ஒருத்தி அபிதகுசாம்பாளைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் தெனம் போய் மாப்ள வூட்டுக்காரங்க கால்ல வுழறாராமே? பொண்ணுக்கு இன்னா கொறை?"

அபிதகுசாம்பாள் குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்து அழுதாள். ஜெகநாதன் யோசித்தார். கையை வீசிக்கொண்டு போவதால்தானே கேட்கிறார்கள்? கையில் ஒரு பை இருந்தால் வேலையாகப் போகிறான் என்று விட்டுவிடுவார்கள். மறுநாள் மஞ்சள் பையோடு கிளம்பினார். உள்ளே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. புண் கால் என்பதால் டாக்டர் போடச் சொன்னது, வேலூரிலிருந்து யாருக்கும் தெரியாமல் வாங்கி வந்தது. கடைசி வீடு தாண்டியதும் மாட்டிக்கொள்வார், திரும்பும்போது கழற்றிவிடுவார். கட்டிய மனைவியிடம்கூட எதையும் ஒளித்துப் பழகாத மனுஷன் ஷூவை ஒளித்துக்கொண்டு நடந்தார் என்றால் அது எவ்வளவு பேஜார் என்று யோசித்துப் பாருங்கள்.

மதகில் மட்டும் அவருக்கு நிம்மதி. சேவூர் பக்கத்திலிருந்து அவர் வயசில் ஒருத்தர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வருவார். மதகு வரைக்கும் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவார். பெயர் மாணிக்கவேல், சேவூரில் தறி, ஒரே பையன். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. இந்த ஊர் உலகத்தில் எங்கே போகிறாய் என்று கேட்காத ஒரே மனுஷன் அவர்தான். அதற்காகவே ஜெகநாதனுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

மாதம் முடியப் போகிற சமயம், பலராமன் கடை தாண்டும்போது பின்னாலிருந்து ஒலிபெருக்கி அலறியது.

"பொதுமக்களே! அதோ பாருங்கள்! ஒரு பெரியவர் நமது அழைப்பை ஏற்று நடக்கிறார்! அவரை வாழ்த்துவோம்!"

ஜெகநாதன் வேகத்தைக் கூட்டினார். ஜீப்பும் கூட்டியது.

"ஆகா! இந்த வயதிலும் என்ன வேகம்! எல்லோரும் இவரைப் பின்பற்றுங்கள்!"

கடையில் டீ குடித்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்தார்கள். ஜெகநாதன் நின்று திரும்பிக் கத்தினார். "யோவ், நான் நடக்கல யா! போய்கினு இருக்கேன்!"

ஜீப்பிலிருந்து வேலு என்ற சுகாதாரப் பிரசாரகர் குதித்தார். கேமரா வைத்திருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. "ஐயா, கோச்சுக்காதீங்க. மாசம் முடியப் போவுது. நடக்கறவங்க ஒருத்தர் போட்டோவாவது அனுப்பணும். எங்கள கண்டாலே எல்லாரும் உக்காந்துடறாங்க. ஒண்ணே ஒண்ணு, இந்தப் பைய மட்டும் குடுங்க, கை வீசினாப்புல நில்லுங்க."

"பைய வுடுய்யா!"

அவர் இழுக்க, இவர் இழுக்க, பையின் காது அறுந்தது. இரண்டு ஷூவும் தெருவில் உருண்டன.

பலராமன் ஷூவைப் பார்த்தான். சுவரில் போஸ்டரைப் பார்த்தான். மறுபடி ஷூவைப் பார்த்தான்.

"அது… மாப்ளைக்கு!" என்றார் ஜெகநாதன். "அளவு சரியா இருக்குதான்னு பாக்க எடுத்துகினு போறேன்."

"எந்த மாப்ள?"

"சேவூர் மாணிக்கவேல் பையன்!"

வேறெந்தப் பெயர் அவருக்கு அந்தச் சமயத்தில் ஞாபகம் வரும்?

"அட, ஷூ வாங்கற அளவுக்கு வந்துடுச்சா! சொல்லவே இல்லியே!" பலராமன் ஓடிப்போய் டீ ஆற்றினான். "நல்ல சேதி, சக்கரை தூக்கலா போட்டிருக்கேன். குடிண்ணே." சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்க்க, ஜெகநாதன் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். போட்டோ கிடைக்காத வேலுவும் வருத்தத்தோடு ஒரு டீ குடித்தார்.

வீட்டில் அபிதகுசாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பேசாத எடத்தப் பேசிட்டேன்னு சொல்லிட்டீங்களே! நாளைக்கு அவங்க இல்லன்னு சொன்னா என் பொண்ணு கதி?"

பூங்காவனம் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஜெகநாதனோ, தன் வியாதியை மறைக்கப் போய்ப் பெற்ற மகளின் பேரைத் தெருவில் உருட்டிவிட்டோமே என்று இரண்டு நாள் வெளியில் தலை காட்டவில்லை. தறியிலும் கால் ஓடவில்லை.

மூன்றாம் நாள் வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. மாணிக்கவேல், அவர் சம்சாரம், பின்னால் தலையைக் குனிந்துகொண்டு பையன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜெகநாதன் கைகூப்பிக்கொண்டே போனார். "மன்னிச்சுடுங்க, வாய் தவறி…"

அப்புறம்தான் அந்த அம்மாள் கையில் பழத்தட்டு இருப்பதைக் கவனித்தார்.

"நீங்க இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்கறீங்க?" என்றார் மாணிக்கவேல். "பையனுக்குப் பொண்ணு தேடிகினுதான் நான் தெனம் ஆரணிப் பக்கம் வந்தேன். சேவூர்ல எல்லாருக்கும் தெரியும். நீங்களே பேர் சொல்லிட்டதா சேதி வந்துது. சரி, கேட்டுடலாம்னு வந்தோம்."

தலையில் துண்டோடு மதகில் உட்கார்ந்து எந்தப் பெண்ணைத் தேடினாரோ! ஜெகநாதன் கேட்கவில்லை. கேட்காத மனுஷனிடம் எப்படிக் கேட்பது? ஆனால் இவ்வளவு நல்லவரிடம் மறைத்துப் பெண் கொடுப்பது பாவம் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அபிதகுசாம்பாள் முறைத்த முறைப்பில் வாய் தானாக மூடிக்கொண்டது. அவளே கேசரித் தட்டைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

"எடுத்துக்குங்க" என்றார் ஜெகநாதன்.

"நீங்க மொதல்ல" என்றார் மாணிக்கவேல்.

"விருந்தாளிங்க நீங்க…"

"வயசுல பெரியவரு நீங்க…"

தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டே இருந்தது. நெய் உறைய ஆரம்பித்தது. இரண்டு பேர் நெற்றியிலும் வேர்வை.

அப்போது பூங்காவனம் காபித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். தனியாக இருந்த இரண்டு டம்ளரில் ஒன்றைத் தன் அப்பாவுக்கு முன்னால் வைத்தாள். இன்னொன்றை மாணிக்கவேலுக்கு முன்னால் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"தைரியமா குடிங்க மாமா, சக்கரை போடல. புதங்கெழமை மாத்திரை கியூவுல எனக்கு முன்னாடி நிக்கறது உங்க புள்ளதான். உங்கள மதகு ரோட்டுல நடக்கச் சொல்லுங்கன்னு அவருகிட்ட சொன்னதே நான்தானே!"