கூர்க்காக் கத்தியும் முறியாத காலும்

தபால்தலை சேர்ப்பவனைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. பழைய நாணயம் சேர்ப்பவனுக்குப் பெண் கொடுக்க யாரும் தயங்குவதில்லை. நான் சேர்த்தது கத்தி, அதுவும் பட்டாளத்துக் கத்தி. (பெண் கொடுத்தவர்களுக்கு இந்த விஷயம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது.)

திருகோணமலைக்காரனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போகும்போது கப்பல்களைக் கொண்டுபோனது, கத்திகளை விட்டுவிட்டுப் போனது. அங்கே வேலை செய்தவர்களின் குசினிகளில் மாலுமிகளின் மடக்குக் கத்தி மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கி முனையில் பூட்டுகிற கத்தி ஒன்று மரவள்ளிக் கிழங்கு தோண்டியதை நானே பார்த்திருக்கிறேன். அலகின் அடியில் அரசாங்க முத்திரையான அந்தச் சின்ன அம்புக்குறியைக் கண்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். பழையதைத் தாருங்கள், கடையில் புதுக்கத்தி வாங்கித் தருகிறேன் என்பேன். எந்த வீட்டிலும் மறுத்ததில்லை. "அந்தக் கிளாக்கருக்கு ஒரு மாதிரி" என்று பின்னால் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எழுபத்தொன்றாம் ஆண்டு அது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். தெற்கில் இளைஞர்கள் ஆயுதம் தூக்கி, நாடு முழுக்க அவசரகாலச் சட்டம். நின்றால் சோதனை, நடந்தால் சோதனை. கையில் சந்தேகமான பொருள் இருந்தவர்கள் உள்ளே போனார்கள். எப்போது வெளியே வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. புத்தியுள்ளவன் வீட்டிலிருந்த அரிவாளைக்கூட ஒளித்து வைத்த காலம். அந்த நேரம் பார்த்துத்தான் கிண்ணியாவில் ஒரு வியாபாரியிடம் கூர்க்காச் சிப்பாயின் வளைந்த கத்தி இருக்கிறது என்று எனக்குச் சேதி வந்தது.

அலுவலக விஷயமாகப் போவதாக மனைவி சரோஜாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

கத்தியைப் பார்த்ததும் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. தோலுறையோடு, முழங்கை நீளத்துக்கு, நடுவில் வளைந்த கனத்த அலகு. பிடிக்குப் பக்கத்தில் என் அருமை அம்புக்குறி. இறைச்சி வெட்டி வெட்டியே அது அந்த வீட்டில் கிழடு தட்டியிருந்தது. வியாபாரி சம்மதித்தாலும் அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, "பெருநாள் வருது, நான் எதால இறைச்சி வெட்டுற?" என்று கேட்டார். நான் கொண்டுபோயிருந்த புதுக்கத்தியைக் கொடுத்தேன். அவர் அதன் கூர்மையை விரலால் தடவிப் பார்த்து, பரவாயில்லை என்று உள்ளே போனார். கூர்க்காக் கத்தியைப் பேப்பரில் சுற்றி, குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு துறைக்கு நடந்தேன்.

கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வர அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் பெரிய மிதவைதான் வழி. அதற்கு எங்கள் ஊரில் 'பாதை' என்று பெயர். காலையில் நான் வந்தபோது துறையில் ஒரு காகம்கூட இல்லை. இப்போது பார்த்தால் நீண்ட வரிசை. முன்னால் பொலிஸ். ஒவ்வொருவருடைய பையையும் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கொண்டுவந்த பிலாப்பழத்தைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள்.

கத்தியைக் கடலில் எறிந்திருக்கலாம். எந்த மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். நான் சேகரிப்பாளன் அல்லவா? தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் ஓடினேன்.

அப்போது 'பெல் பொட்டம்' காற்சட்டை நாகரிகமாக இருந்தது. தொடையில் மூச்சுவிட இடமிருக்காது. முழங்காலுக்குக் கீழே ஒரு குடும்பம் குடியிருக்கலாம். கத்தியை உறையோடு காற்சட்டைக்குள்ளே காலின் வெளிப்பக்கத்தில் வைத்து, முகம் துடைக்கிற கைலேஞ்சியாலும் இடுப்புப் பட்டியாலும் இறுக்கிக் கட்டினேன். பிடி முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது. அதனால் காலை மடக்க ஏலாது. அலகின் வளைவு கெண்டைக்காலைத் தள்ளிக்கொண்டு வெளியே புடைத்தது. ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வரிசையில் போய் நின்றேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

வரிசை நகர நகர எனக்குள் ஒரு சிறைச்சாலை கட்டப்பட்டுக்கொண்டே வந்தது. சரோஜா சோற்றுப் பார்சலோடு அதன் வாசலில் நின்று அழுதாள்.

சார்ஜன்ட் ஒரு சிங்களவர். பெருத்த உடம்பு, தந்தை போன்ற முகம். என் பையை அவர் திறக்கவேயில்லை. என் காலைத்தான் பார்த்தார்.

"தம்பி, காலுக்கு என்ன?"

"விழுந்தனான், ஐயா." குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கருணையற்றவராக இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவரோ கடமை, சோதனை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். என்னை ஒரு சாக்கு மூட்டையில் உட்காரவைத்து, வரிசையைப் பார்த்து வைத்தியம் தெரிந்தவர் யாரும் உண்டா என்று கேட்டார். சனங்கள் உற்சாகமாக ஒருவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். சம்பூரைச் சேர்ந்த கணபதிப்பிள்ளைப் பரியாரி. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். டவுனுக்கு எண்ணெய்ச் சரக்கு வாங்கப் போய்க்கொண்டிருந்தார்.

பரியாரி குந்தியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, காற்சட்டைக்கு மேலாக என் காலைத் தடவினார். கணுக்காலில் தொடங்கிய விரல்கள் மேலே ஏறின. வளைவுக்கு வந்ததும் ஒரு கணம் நின்றன. பிறகு முழங்காலுக்குப் போய்ப் பிடியைப் பற்றின. பற்றியபடியே இருந்தன.

கண்ணைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகம் இரத்தம் வற்றி வெளிறுவதை அவ்வளவு கிட்ட இருந்து பார்த்தேன்.

"முறிவோ?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"ஓம் ஐயா." பரியாரியின் தாடி நடுங்கியது. "பெரிய முறிவு."

அவர் என்னைக் கிளர்ச்சிக்காரன் என்று நினைத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அலுவலகத்தில் கோப்புக் கட்டுகிற என்னைப் பார்த்து! பயத்துக்கு நியாய அநியாயம் தெரியாது. காட்டிக் கொடுத்தால் என் கூட்டாளிகள் வந்து அவர் குடும்பத்தையே முடித்துவிடுவார்கள் என்று அவர் பயந்தார். அவர் வாயைத் திறந்தால் நான் முடிந்தேன் என்று நான் பயந்தேன்.

அதோடு முடியவில்லை. முறிவென்றால் இங்கேயே கட்ட வேண்டும், காற்சட்டையை வெட்டுங்கள் என்றார் சார்ஜன்ட். வரிசையைப் பார்த்து, "யார்கிட்ட கத்தி இருக்கு?" என்று கேட்டார்.

பொலிஸ்காரர் அப்படிக் கேட்டால் அந்த நாளில் யார் கை தூக்குவார்கள்? அந்தத் துறையில் கத்தி வைத்திருந்த ஒரே ஆள், தன் காற்சட்டையை வெட்ட வேண்டாம் என்று மனதுக்குள் எங்கள் ஊர்க் கோயில் கோணேசரிடம் மன்றாடிக்கொண்டிருந்தான்.

பரியாரிதான் சமாளித்தார். துணியை எடுத்தால் காற்றுப்பட்டு எலும்பு வெளியே வந்துவிடும் என்று, இதுவரை எந்த வைத்தியத்திலும் இல்லாத ஒரு காரணத்தைச் சொன்னார். மீன்பெட்டிப் பலகை இரண்டை வாங்கி, தன் சால்வையைக் கிழித்து, காலையும் கத்தியையும் சேர்த்துக் கட்டினார். பயத்தில் கட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார். நான் அலறினேன். அந்த அலறல் உண்மையானது. சார்ஜன்டின் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு ஆளைத் தனியே விடக்கூடாது என்று அவரே எங்களோடு பாதையில் ஏறினார்.

நடுக்கடலில் பரியாரி என் காதுக்குள் மெல்லச் சொன்னார்: "தம்பி, எனக்குக் கட்டிக் குடுக்காத குமர்ப்பிள்ளையள் இருக்கு. நான் ஒண்டையும் காணேல்ல."

"ஐயா, என்னைக் காட்டிக் குடுத்திடாதேங்கோ" என்றேன் நான். கெஞ்சியதாகத்தான் எனக்கு நினைவு. அவருக்கு அது மிரட்டலாகக் கேட்டதாம்.

அக்கரையில் கடற்படையின் சோதனை. சார்ஜன்ட் தோள் கொடுத்துத் தூக்கி வர, கடற்படைக்காரர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அதற்கு முன் எந்தச் சட்டவிரோத ஆயுதமும் இவ்வளவு மரியாதையோடு அந்தத் துறையைக் கடந்திருக்காது. ஜீப் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரிக்கு விடு என்று சார்ஜன்ட் சொன்னதும் எனக்கு உண்மையாகவே மயக்கம் வந்தது. எக்ஸ்ரே படம் பிடித்தால் எலும்புக்குப் பக்கத்தில் எது தெரியும்? பரியாரி பாய்ந்து, இந்தக் கால் தன் பொறுப்பு, ஆஸ்பத்திரியில் அறுத்து எறிந்துவிடுவார்கள் என்று வாதாடினார். சிறு வயதில் சார்ஜன்டின் முறிந்த கையும் நாட்டு வைத்தியத்தில் பொருந்தியதாம். ஜீப் எங்கள் வீட்டுக்குத் திரும்பியது.

வாசலில் பொலிஸ் ஜீப்பையும், கட்டுப் போட்ட புருஷனையும் கண்டு சரோஜா வைத்த ஒப்பாரியில் தெருவே கூடிவிட்டது. சார்ஜன்ட் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, அவளுக்கு ஆறுதல் சொல்லி, அடிக்கடி வந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சனம் கலைந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் பரியாரி கட்டை அவிழ்த்தார். கத்தி தரையில் விழுந்தது.

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"உது என்ன?"

பரியாரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் அப்படிப்பட்டவனல்ல, வெறும் சேகரிப்பாளன் என்று அவருக்கு விளங்கவைக்க அவசரப்பட்டு அலுமாரியைத் திறந்து காட்டினேன். (என் வாழ்க்கையில் நான் செய்த மிக முட்டாள்தனமான காரியம் இதுதான்.) உள்ளே தட்டுத் தட்டாக மடக்குக் கத்தி, குத்துக் கத்தி, துப்பாக்கிமுனைக் கத்தி. எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசிப் பளபளக்க வைத்திருந்தேன். பரியாரி "முருகா" என்று அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

சரோஜா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் முகத்தில் தெளித்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்:

"பயப்பிடாதேங்கோ ஐயா. இவருக்கு ஒரு கோழி வெட்டவும் ஏலாது. கோழிக்கறி எண்டால் பக்கத்து வீட்டு அண்ணைதான் வந்து வெட்டித் தாறவர்."

பரியாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு உயிர் திரும்பி வந்தது. எனக்கு மானம் போனது.

அலுமாரிச் சாவி அன்றே சரோஜாவின் கைக்குப் போய்விட்டது. சார்ஜன்ட் வருவாரே என்பதால் காலைத் திரும்பக் கட்டச் சொன்னாள். அவர் சொன்னபடியே செவ்விளநீர்க் குலையோடு வந்தார், திரும்பத் திரும்ப வந்தார். ஜீப் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் கட்டிலில் விறைத்துப் போய்க் கிடந்தேன். நாலடி தள்ளி அலுமாரி. அதற்கு முதுகு கொடுத்துத்தான் அவர் உட்காருவார். நல்ல கால் ஒன்று வாரக்கணக்கில் எண்ணெயில் ஊறியது. கக்கூசுக்குப் போகவும் கோல் ஊன்றவேண்டியிருந்தது.

ஒருவழியாக நான் 'எழுந்து நடந்த' நாளில் சார்ஜன்ட் பரியாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதோடு நிற்காமல் போகுமிடமெல்லாம் சொன்னார். எலும்பு வெளியே புடைத்துக்கொண்டு நின்றதை வரிசையில் நின்ற சனமெல்லாம் கண்ணால் கண்டதல்லவா? கிண்ணியா, மூதூர், இறக்கக்கண்டி என்று நாலா பக்கத்திலிருந்தும் சம்பூருக்கு மாட்டு வண்டிகள் போகத் தொடங்கின. பரியாரி மாடிவீடு கட்டினார்.

இரண்டொரு வருடம் கழித்து பரியாரி தன் மூத்த மகளின் கல்யாணத்துக்கு என்னையும் சரோஜாவையும் அழைத்தார். முன் வரிசையில் கதிரை போட்டு உட்காரவைத்தார். தாலி கட்டி முடிந்ததும், சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் என்னை எழுப்பி நிறுத்தி, "தம்பி, ஒருக்கா நடந்து காட்டுங்கோ" என்றார்.

நடந்தேன். பந்தலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்த் திரும்பி வந்தேன். சபை கைதட்டியது. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், தாலி கட்டி மேளம் ஓய்ந்த கையோடு யாராவது ஒரு பேரப்பிள்ளை என்னிடம் வந்து நிற்கும். நானும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்புவேன். அதற்கென்றே பந்தலின் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் கதிரை போடுகிறார்கள்.