முழிவியளத்தாரின் கனடாப் பயணம்

கப்பல் கவிழ்ந்தது, பிளேன் விழுந்தது, அரசாங்கம் மாறியது, மாமரம் ஒரு வருடம் காய்க்காமல் விட்டது, இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நம்பிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். புறப்படுகிற நேரத்தில் யாரோ ஒருவர் "எங்கை போறாய்?" என்று கேட்டுவிட்டதுதான் அந்தக் காரணம். இதை நம்பியவர் படிப்பு வாசனை இல்லாதவர் அல்லர். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தேற்றத்தை நிறுவாமல் விடை எழுதினால் பிரம்பை எடுத்தவர்.

உடுவிலில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவுக்கு, அவர் முகத்துக்கு முன்னால் மாஸ்ரர், முதுகுக்குப் பின்னால் முழிவியளம். வெளிக்கிடும்போது எதிரே வருவது எது என்று பார்த்து, போகிற காரியம் சரிவருமா என்று கண்டுபிடிக்கும் சகுனத்துக்கு எங்கள் ஊரில் வழங்கும் பெயர் அது. அவருடைய சொந்தப் பெயர் இந்தப் பட்டத்துக்குள் எப்போதோ அமிழ்ந்து போயிற்று.

யாழ்ப்பாணத்தில் புறப்படுகிறவரிடம் 'எங்கை' என்று கேட்கமாட்டார்கள். 'தூரமோ?' என்றுதான் கேட்பார்கள். மற்ற ஒழுங்கைகளில் அது ஒரு நாகரிகம். எங்கள் ஒழுங்கையில் அது சட்டம். மாஸ்ரர் நெருப்புப்பெட்டி வாங்கப் போனாலும் "தூரமோ மாஸ்ரர்?" என்றுதான் விசாரிக்க வேண்டும். "ஓம், கொஞ்சம் தூரம்" என்று அவரும் முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லுவார். கடை அவருடைய வாசல் படலையிலிருந்து எண்பது அடியில் இருந்தது.

யாராவது தவறிக் கேட்டுவிட்டால் திரும்பி வீட்டுக்குள் போவார். கதிரையில் அமர்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார். பிறகு வலது காலை முன்வைத்து மறுபடியும் வெளிக்கிடுவார். பள்ளிக்கூட விடுமுறையில் ஒழுங்கைப் பிள்ளைகள் முறை வைத்துக் கேட்டு, ஒரே காலையில் அவரை எட்டுச் செம்பு குடிக்க வைத்த சாதனை உண்டு.

இதற்கென்று புள்ளி எழுதிவைக்கும் ஓர் அப்பியாசக் கொப்பி அவரிடம் இருந்தது. நிறைகுடத்தோடு சுமங்கலி வந்தால் கூட்டல் மூன்று. கன்றோடு பசு, கூட்டல் இரண்டு. விறகு, கழித்தல் இரண்டு. எண்ணெய், கழித்தல் இரண்டு. ஒற்றைத் தும்மல், கழித்தல் ஒன்று. 'எங்கை' என்ற கேள்வி, கழித்தல் நான்கு. கைம்பெண், கழித்தல் ஐந்து. ஒழுங்கை முகப்பை அடைவதற்குள் எல்லாவற்றையும் மனத்தில் கூட்டிப் பார்ப்பார். விடை பூச்சியத்துக்கு மேலே என்றால் பயணம். கீழே என்றால் செம்பு.

அந்தக் கழித்தல் ஐந்தின் பெயர் பூமணியக்கா.

பூமணியக்காவின் வீடு மாஸ்ரருக்கு அடுத்த வளவு. புருசன் இளம் வயதில் இறந்துபோக, அப்பம் சுட்டு விற்றுத் தன் பாட்டைப் பார்த்த மனுசி. மாஸ்ரருடைய மகள் வதனியைக் குழந்தையில் இடுப்பில் தூக்கித் திரிந்தவரும் அவர்தான். ஆனால் மாஸ்ரர் வெளிக்கிடும் நாட்களில் அவர் தன் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். அதே வேளை, நாள் தவறாமல் காலை ஆறு மணிக்கு ஐந்து வெள்ளையப்பமும் ஒரு பாலப்பமும் இரண்டு வளவுக்கும் இடையிலுள்ள வேலிப் பொட்டுக்குள்ளால், ஆள் நுழையும் அந்த இடைவெளியால், வந்தாக வேண்டும். கை மட்டும் வரும். கையில் அப்பம் இருக்கும். முகம் வராது.

"ஏன் மாஸ்ரர், அந்த அப்பத்துக்குத் தோசம் இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முகம் வேறை, அப்பம் வேறை தம்பி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதை" என்றார். பாலப்பத்தின் மொறுமொறுத்த கரையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

மாஸ்ரருடைய மகன் கனடாவில் இருந்தான். இந்தியப் படை இங்கே நின்ற காலத்தில் தாய், தகப்பன், தங்கை மூவரையும் அங்கே கூப்பிட ஒழுங்கு செய்தான். கொழும்புக்குப் போகிற வான் வண்டி அதிகாலையில் படலையில் வந்து நின்றது. மாஸ்ரருடைய மனைவி சரசக்கா பெட்டியைத் தூக்கினார். தூக்கும்போது தும்மினார். ஒரேயொரு தும்மல்.

"சரசு, பெட்டியை வை. உள்ளுக்கை வா. கொஞ்சம் இருந்திட்டுப் போவம்."

"வான் நிக்குதப்பா."

"நிண்டால் நிக்கட்டும்."

"பெடியனைக் கண்டு ஆறு வருசமாச்சு. நீங்கள் இருந்து, தண்ணியைக் குடிச்சிட்டு ஆறுதலா வாருங்கோ. நான் பெட்டையோடை போறன்."

திரும்பி வருவேன் என்று பொருள்படும் 'போட்டு வாறன்' என்றுகூடச் சொல்லவில்லை. 'போறன்' என்றார். அந்தச் சொல்லுக்காக மாஸ்ரர் இன்னொரு செம்பு குடிக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்தபோது ஒழுங்கையில் வானும் இல்லை, குடும்பமும் இல்லை. மனைவியின் பின்னால் வெளிக்கிட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்க அவருக்கு இரண்டு வருடம் எடுத்தது.

அந்த இரண்டு வருடத்தில் அவர் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. சந்தியில் படையினரின் சென்றி, அதாவது காவலரண், இருந்தது. அங்கே நின்றவர்கள் போகிற வருகிறவர்களை ஹிந்தியில் மறித்து விசாரிப்பார்கள். அதுவும் 'எங்கை?' என்ற கேள்விதான். ஆனால் தமிழில் கேட்டால்தான் பலிக்கும், ஹிந்தியில் கேட்டால் கணக்கில் சேராது என்று மாஸ்ரர் தீர்ப்பு வழங்கியிருந்தார். பிறகு தமிழ் தெரிந்த ஒருவர் அந்தச் சென்றிக்கு மாறி வந்தார். பாவம், வயதானவர் என்று மரியாதையாகவே கேட்டார்.

"எங்க ஐயா போறீங்க?"

 மாஸ்ரர் முகத்தைச் சுளித்தார். திரும்பி வந்த வழியே விறுவிறென்று நடந்தார். சென்றியைக் கண்டு திரும்பி நடக்கிறவனை உலகத்தில் எந்தப் படையும் சும்மா விடாது. பின்னேரம் வரை அவரை வெயிலில் இருத்தி வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் போய், "உவருக்குச் சகுனப் பைத்தியம், வேறை ஒண்டும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது இது: "பாத்தியே தம்பி, கேட்டவன் கேட்டதாலைதான் உவ்வளவும்."

இப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் தொண்ணூறாம் ஆண்டுத் தொடக்கத்தில் கடிதம் வந்தது. படை போய், சண்டை ஓய்ந்து, ரெயில் ஒழுங்காக ஓடிய அந்தச் சில மாதங்கள் அவை. வதனிக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையும் எங்கள் பக்கத்துப் பெடியன்தான், ரொறன்ரோவில் கலியாணம். விசா குத்திய பாஸ்போட் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தது. மாஸ்ரர் செய்ய வேண்டியதெல்லாம் சுன்னாகத்தில் ரெயில் ஏறுவது மட்டும். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவர்.

முதல்முறை கார் வந்தது. புதிய சாரதி. பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, தொழில் முறைப்படி கேட்டான்: "எங்கை ஐயா, சுன்னாகமோ யாழ்ப்பாணமோ?" போகிற இடம் தெரியாமல் கார் ஓடுவது எப்படி என்று அவன் கேட்டது நியாயம். மாஸ்ரர் அதற்குள் செம்போடு இருந்தார். ரெயில் போயிற்று. அதோடு பிளேனும் போயிற்று.

இரண்டாவது முறை ஒழுங்கையே சேர்ந்து ஒரு திட்டம் போட்டது. என் மனைவி பட்டுச்சேலை உடுத்து, நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய படலைக்கு நேரே நின்றாள். மாஸ்ரர் நல்ல நேரம் பார்த்து வெளியே வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் இவளுக்கு இடுப்பு விட்டுப் போயிற்று.

மாஸ்ரர் படலையைத் திறந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, கனநேரமா நிக்கிறியோ?"

"ஓம் மாஸ்ரர். உங்களுக்காகத்தான்."

"அப்ப இது செல்லாது. தன்ரை பாட்டிலை வந்தால்தான் முழிவியளம். பிடிச்சு நிப்பாட்டினால் அது கூத்து."

உள்ளே போய்விட்டார். அன்று பின்னேரம் வரை என் மனைவி அவரைப் பற்றிச் சொன்னவை அச்சிடத் தக்கவை அல்ல.

மூன்றாவதாக மகனிடமிருந்து தந்தி போலச் சுருக்கமான கடிதம் வந்தது. பிளேன் ரிக்கற் இனி மாற்ற முடியாது. கலியாண நாளும் மாற்ற முடியாது. அப்பா வராவிட்டால் தங்கையைத் தானே தாரை வார்க்கப்போவதாக எழுதியிருந்தான். அடியில் வதனி தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "அப்பா, மணவறையிலை நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருப்பன்." மாஸ்ரர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்த கையோடு, புதன்கிழமை தெற்கே சூலமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பஞ்சாங்கத்தைப் பறித்துக் கிணற்றில் போட்டிருப்பேன்.

அந்தக் கடைசிக் காலையில் அவரை ரெயிலில் ஏற்றிவிடும் பொறுப்பை ஒழுங்கை என்னிடம் ஒப்படைத்தது. சாரதிக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியாயிற்று. நாய்களைக்கூடக் கட்டிப்போட்டிருந்தோம். மாஸ்ரர் படலையைத் திறந்து வலது காலை வெளியே வைத்தார்.

பக்கத்துப் படலையும் திறந்தது.

பூமணியக்கா வந்தார். முழுகிய தலை விரித்தபடி. தலையில் விறகுக்கட்டு. கையில் நல்லெண்ணெய்ப் போத்தல். நேரே நடந்து வந்து காருக்கும் மாஸ்ரருக்கும் நடுவே நின்றார்.

"எங்கை மாஸ்ரர் போறியள்?"

சாரதி ஸ்ரியறிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"பூமணி, உனக்கென்ன விசரே? விடியக் காலமை..."

"எனக்கு விசரில்லை. கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. எங்கை போறியள்?"

மாஸ்ரர் வெளியே வைத்த வலது காலை உள்ளே இழுத்தார்.

"அப்ப நானே சொல்லுறன். வதனியின்ரை கலியாணத்துக்குப் போறியள். இண்டைக்கும் திரும்பிப் போய்த் தண்ணி குடிச்சியளெண்டால், அந்தப் பெட்டை தேப்பன் இல்லாத பிள்ளை மாதிரி மணவறையிலை இருக்கும். நான் தூக்கி வளத்த பிள்ளை மாஸ்ரர்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் முன்னுக்கு வந்தனி?"

"உங்கடை மனுசி வெளிக்கிட்ட அண்டைக்கு, நீங்கள் எழும்ப முதல், வதனியையும் கூட்டிக்கொண்டு பொட்டுக்குள்ளாலை வந்தவ. என்ரை கையைப் பிடிச்சு அழுதவ. அண்டைக்கு ரெண்டு பேரும் முழிச்சது என்ரை முகத்திலை. அவை போய்ச் சேரேல்லையோ? சுகமா இருக்கேல்லையோ? என்ரை முகத்தைக் காணாமல் ஒளிச்சு நிண்ட நீங்கள்தானே இன்னும் இஞ்சை நிக்கிறியள்!"

ஒரு பொது விதியை உடைக்க ஒரேயொரு எதிருதாரணம் போதும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவர் அந்த மனிதர். பூமணியக்கா இரண்டு கொண்டுவந்து வைத்திருந்தார். மாஸ்ரர் விறகைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். கடைசியாக, என் கண் அறிய முதல்முறையாக, அந்த மனுசியின் முகத்தை நேரே பார்த்தார். விரல்களை மடக்கினார்.

"கைம்பெண். விறகு. எண்ணெய். 'எங்கை'. நாலு கழித்தல்." மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். "கழித்தலைக் கழித்தலாலை பெருக்கினால் கூட்டல். நாலையும் பெருக்கினால் நல்ல பெரிய கூட்டல். இதைவிடத் திறமான முழிவியளம் கிடையாது. தம்பி, ஏறு காரிலை!"

பல வருடமாக அவரைக் கவனித்து வந்தவன் நான். அவர் முழிவியளங்களைக் கூட்டித்தான் கண்டிருக்கிறேன். பெருக்கி ஒருநாளும் கண்டதில்லை. அந்த விதி அந்த நிமிடத்தில், அந்தப் படலையடியில் பிறந்தது. இதைத் துணிவு என்று எழுத எனக்குக் கை வராது. ஒரு பிழையான நம்பிக்கையை விட மனமில்லாமல், அதற்கு இன்னொரு பிழையான விதியை ஒட்டுப்போட்டுக்கொண்டு மனிதர் புறப்பட்டார். ஆனால் கார் கதவைச் சாத்துமுன் தலையை வெளியே நீட்டி, "போட்டு வாறன் பிள்ளை" என்று பூமணியக்காவிடம் சொன்னார். பூமணியக்கா விறகுக்கட்டைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த விறகு எரிப்பதற்காகக் கொண்டுவந்த விறகு அல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சுன்னாகத்தில் ரெயில் ஏறினார். ஜன்னலால், "தூரம்தான் தம்பி" என்று நான் கேட்காத கேள்விக்கு மறுமொழி சொன்னார். இரண்டு மாதத்தில் சண்டை மறுபடியும் மூண்டு, பாதை பூட்டி, ரெயில் நின்று போயிற்று. இன்னும் ஒரு செம்பு குடித்திருந்தால் அவர் ஒருநாளும் போயிருக்க முடியாது.

பூமணியக்காவுக்குச் சரசக்கா அனுப்பிய கலியாணப் படங்கள் பல கை மாறி ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தன. நல்ல படங்களைப் பூமணியக்கா எடுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும், "உதிலை மாஸ்ரர் வடிவில்லை, நீ வைச்சிரு தம்பி" என்று என்னிடம் தந்தார். தாரை வார்க்கிற படம். எடுத்தவருக்குக் கை ஆடியிருக்க வேண்டும், மாப்பிள்ளை பாதியில் வெட்டுப்பட்டிருந்தார். மாஸ்ரர் கோட்டுக்கு மேலே சால்வையைப் போர்த்துக்கொண்டு, மகளின் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்து அழுகிறார். நான் வேலை பார்த்த பத்திரிகைக்கு வந்திருந்தால் பார்த்தவுடன் குப்பைக் கூடைக்குள் போட்டிருப்பேன்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர, ஊரோடு ஊராக உடுவிலை விட்டு நடந்தபோது இரண்டு பைதான் தூக்க முடிந்தது. புத்தகங்களை விட்டேன். என் பெயர் போட்டு வந்த கட்டுரைகளின் நறுக்குகளை விட்டேன். அந்தப் படத்தை விட மனம் வரவில்லை.